வெட்டிய முடியோடு ஒரு சின்னச் சீமாட்டி

அந்த ஓவியருக்குத் தெருவில் ஒருமூஞ்சி என்று பெயர். அவர் முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகளை வரைந்து பிழைப்பவர் அவர். வரைந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே முகம். உயர்ந்த நெற்றி, வாதுமைக் கண், மொட்டுப் போல வாய், பாலில் தோய்த்தெடுத்த கன்னம். உடுப்பின் நிறம் மாறும், கையில் இருக்கும் பொருள் மாறும். ஒன்றுக்குக் கிளி, ஒன்றுக்குப் பந்து, ஆண்பிள்ளை என்றால் ஒரு குட்டி வாள். முகம் மட்டும் மாறாது. அடுத்த வீட்டுச் சாயக்காரர்தான் இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர்.

"நம்ம ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரில்ல இருக்கு. வெளியில தெரிஞ்சா எத்தனை வீட்ல சண்டை வருமோ."

தெரு சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

ஓவியருக்கும் இது தெரியாமல் இல்லை. இளவயதில் ஒரு தடவை, ஒன்றரைக் கண் பையன் ஒருவனை ஒன்றரைக் கண்ணோடேயே வரைந்து கொடுத்தார். போன வண்டியிலேயே படம் திரும்பி வந்தது. கூட வந்த ஆள், பையனின் தாயார் படத்தைப் பார்த்துப் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கித்தானைக் கோழிக்கூட்டின் மேல் மழைக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் பிள்ளைகளைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, பெற்றவர்களைப் பார்த்து வரைய ஆரம்பித்தார். அவர்களுக்கு எந்த மாதிரிப் பிள்ளை வேண்டுமோ, அந்த மாதிரிப் பிள்ளை.

வண்ணம் அரைப்பது அவர் மனைவியின் வேலை. பளிங்குக் கல்லில் எண்ணெயை விட்டு, காவியையும் நீலத்தையும் வெள்ளையையும் நறநறப்புத் தட்டாமல் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து எடுப்பாள். அரைத்து அரைத்து அவளுடைய வலத்தோள் இடத்தோளைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது. புதிதாக ஒரு பிள்ளை வரையக் கிடைத்ததென்றால், "மூஞ்சிக்கு அதே கலவைதானே? போன தடவைது மிச்சம் இருக்கு" என்று கேட்பாள். அவள் கிண்டல் செய்கிறாளா, சிக்கனம் பார்க்கிறாளா என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

வீடு கீழே குடித்தனமும் மேலே வேலைக்கூடமுமாக இருந்தது. கூடத்தில் வடக்குப் பார்த்த பெரிய சன்னல். அந்தச் சன்னலுக்காகத்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள். வெயில் நேராக விழாது, நாள் முழுக்க வெளிச்சம் ஒரே சீராக நிற்கும். ஆனால் வீடு அவர்களுடையது இல்லை. மேட்டுத் தெருப் பெரிய வீட்டுச் சீமாட்டிக்குச் சொந்தம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் கல்லையும் குழவியையும் தூக்கிக்கொண்டு வேறு சன்னல் தேட வேண்டியதுதான்.

அந்தச் சீமாட்டியிடமிருந்துதான் ஆள் வந்தது. அவளுடைய ஒரே மகளை வரைய வேண்டும். குழந்தைக்கு ஐந்து வயது. அப்பா, அது கைக்குழந்தையாக இருந்தபோது அரசு வேலையாகக் கடல் தாண்டிப் போனவர். இன்னும் திரும்பவில்லை. படம் அவருக்குப் போகிறது. அடக்கமான குழந்தையாகத் தெரிய வேண்டும் என்று சீமாட்டி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். முன்பல் விழுந்திருப்பதால் வாயை மூடியபடி வரையச் சொன்னாள். பெரிய வீட்டில் கூரை வேலை நடந்து எங்கே பார்த்தாலும் தூசியாக இருந்தபடியால், குழந்தையைத் தாதியோடு ஓவியர் வீட்டுக்கே அனுப்புவதாக ஏற்பாடு.

முதல் நாள் குழந்தை வந்து இறங்கியபோது அடக்கம் என்பது வண்டியிலேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது. மாடிப்படியில் பாதியை ஏறி, மீதியைத் தவழ்ந்து, கூடத்துக்குள் வந்து, ஜாடியிலிருந்த தூரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து எது எந்த மிருகத்தின் முடி என்று கேட்டது. அணில் என்றதும், அந்த அணில் இப்போது வாலில்லாமல் எங்கே இருக்கிறது என்று கேட்டது. ஓவியர் தாதியைப் பார்த்தார். தாதியம்மாள், இது பிறந்த நாளிலிருந்து நான் இப்படித்தான் கஷ்டப்படுகிறேன் என்கிற மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

படத்துக்கு உடுத்த வேண்டிய உடுப்பு தனியாக ஒரு பெட்டியில் வந்திருந்தது. பொன்னிழை போட்ட கெட்டித் துணி. விறைத்த கழுத்துப்பட்டை. போட்டுவிட்டால் குழந்தையால் குனியக்கூட முடியாது. நல்லவேளை, அதற்கு ஓவியரிடம் ஒரு மரப்பொம்மை இருந்தது. தலையில்லாத, கை கால் மடங்குகிற, குழந்தை உயரப் பொம்மை. உடுப்பை அதற்கு மாட்டி நிறுத்தி அவர் துணியை வரைந்துகொண்டிருப்பார். முகத்துக்கு மட்டும் குழந்தை போதும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத் தினமும் காலையில் பெரிய வீட்டில் குழந்தையின் முடியைச் சூட்டுக் கம்பியால் சுருட்டி, இரண்டு பக்கமும் கொத்தாகத் தொங்கவிட்டு, ரிப்பன் கட்டி அனுப்பினார்கள். சுருட்டும்போது அழுத அழுகையின் மிச்சம் குழந்தை இங்கே வந்து சேரும்போதும் மூக்கில் இருக்கும்.

ஓவியருக்கு ஒரு மகள். ஏழு வயது. ஆள் சின்னது என்பதால் சுண்டு என்று கூப்பிட்டார்கள். போன மாதம் பேன் பிடித்து, அம்மா அவள் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். சின்னச் சீமாட்டி சுண்டுவின் தலையைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பொறாமை இருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டது. தொட்டுவிட்டு, பூனை மாதிரி இருக்கிறது என்றது. அன்றிலிருந்து இரண்டும் பிரியவில்லை. கோழிகளுக்குத் தவிடு வைத்தன. சாயக்காரர் வீட்டு வாசலில் ஓடும் நீலத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்து, கணுக்கால் வரை நீலமாக நின்றன. தலையில்லாத மரப்பொம்மைக்கு மாமி என்று பெயர் வைத்து, "மாமி, நீங்க ரொம்ப நல்லா நிக்கிறீங்க" என்று பாராட்டின.

ஓவியர் வழக்கப்படி வேலையை ஓட்டினார். உடுப்பு அருமையாக வந்தது. கழுத்துப்பட்டைக்கு மேலே அவருடைய அதே முகத்தையும் வைத்தாயிற்று. வாதுமைக் கண், மொட்டு வாய். குழந்தை ஒருநாள் படத்தின் எதிரே வந்து நின்று வெகு நேரம் பார்த்தது. பிறகு, "இது யாரு?" என்று கேட்டது.

"நீங்கதான் சின்னம்மா."

"இல்லையே" என்றது குழந்தை. கோபமோ வருத்தமோ இல்லாமல், தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கீழே விளையாடப் போய்விட்டது. கல்லில் குழவி உருட்டிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது.

மறுநாள்தான் அது நடந்தது. காற்று இல்லாமல் புழுக்கமான நாள். ஓவியர் மேலே ரிப்பனை வரைந்துகொண்டிருந்தார். தாதியம்மாள் நாற்காலியில் நல்ல தூக்கம். மனைவி கொல்லையில் வண்ணத்துக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எண்ணெய் அடுப்பை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர முடியாது, பொங்கினால் வீடே போய்விடும். கீழே இரண்டு குழந்தைகளும் சத்தமே இல்லாமல் இருந்தன. பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எண்ணெய் பதத்துக்கு வந்து இறக்கிய பிறகுதான் அவளால் உள்ளே போக முடிந்தது.

குழந்தை முக்காலியில் உட்கார்ந்திருந்தது. சுண்டு கித்தான் வெட்டும் பெரிய கத்தரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கடைசிச் சுருளை வெட்டிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் முடி. சில சுருளில் ரிப்பன் அப்படியே இருந்தது.

"எனக்கும் பேன் இருந்துச்சு" என்று குழந்தை முந்திக்கொண்டு சொன்னது. பேன் ஒன்றும் இல்லை. பேன் இருந்தால் வெட்டிவிடுவார்கள், வெட்டிவிட்டால் சூட்டுக் கம்பி வராது என்று கணக்குப் போட்டு, தனக்குப் பேன் இருப்பதாகச் சுண்டுவை நம்ப வைத்திருக்கிறது. சுண்டு பார்த்தாளாம், தெரியவில்லையாம், ஆனால் சின்னம்மா சொன்னால் இருக்கும்தானே என்று வெட்டினாளாம்.

மனைவி கத்தரியை வாங்கி உயரத்தில் வைத்தாள். தப்பித்தவறிக் காது வெட்டுப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு மாடிப்படியின் கீழே நின்று, "என்னங்க, கொஞ்சம் இறங்கி வாங்க. தூரிகையைக் கையில வச்சுக்கிட்டு வராதீங்க, கீழே போட்டுருவீங்க" என்றாள்.

ஓவியர் வந்து பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தாதியம்மாள் எழுந்து வந்து, முதலில் சத்தமில்லாமல் அழுதாள், அப்புறம் சத்தமாக அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும் யோசனைகள் வந்தன. கடும் காய்ச்சல் வந்தது, வைத்தியர்தான் முடியை எடுக்கச் சொன்னார் என்று சொல்லிவிடலாம் என்றாள் தாதி. எந்த வைத்தியர் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார் ஓவியர். அவருக்கு வேறு யோசனை இருந்தது. படம் முடிகிறவரை குழந்தையின் தலையில் ஒரு தொப்பியைப் போட்டுவிட்டால் போகிறது. படத்தில் முடி ஏற்கெனவே இருக்கிறது. சீமாட்டிக்குப் படத்தைக் காட்டிவிட்டு அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"ராத்திரி தொப்பியோடவா படுக்கும்?" என்று மனைவி கேட்டாள். "அது வாயை யாரு மூடுறது? அங்க பாருங்க."

குழந்தை சன்னலில் ஏறி நின்று, சாயக்காரரிடம் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் துணி பிழிவதை நிறுத்திவிட்டு, நீலக் கையை இடுப்பில் வைத்து, மிகவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"வீடு போயிரும் இவளே" என்றார் ஓவியர் மெதுவாக.

"போனா போகுது. பொய் சொல்லிட்டு அந்தச் சன்னல்கிட்ட உக்காந்து வேலை பார்க்க முடியுமா உங்களால? எனக்கு அரைக்க முடியாது." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வெட்டினது நம்ம பொண்ணு. நான் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். நானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. செருப்பு கிடைக்காமல் வெறுங்காலோடு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

மேட்டுத் தெரு ஏற்றத்தில் போன அந்த ஊர்வலத்தைத் தெரு வெகுநாள் பேசிக்கொண்டிருந்தது. முன்னால் செருப்பில்லாத ஓவியர். அடுத்து, முகத்தை மூடிக்கொண்டு தாதி. பின்னால் ஓவியர் மனைவி, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சுண்டு. குழந்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தலையைக் காட்டிக்கொண்டே வந்தது.

சீமாட்டி வெளுத்த துணிகளை அடுக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். இளவயதுதான், ஆனால் தனியாக அவ்வளவு பெரிய வீட்டை நடத்தி நடத்தி, சிரிப்பதற்கு நேரமில்லாத முகம். ஓவியர் பேச வாயெடுத்தார். அதற்குள் மனைவியே நடந்ததை நடந்தபடி சொன்னாள். எண்ணெய் காய்ச்சியது, கத்தரி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, தன் மகள் வெட்டியது. தாதி தூங்கியதை மட்டும் சொல்லவில்லை. தாதியம்மாள் அதைக் கவனித்து, முகத்தை மூடிய துணியைச் சற்று விலக்கினாள்.

துணி அடுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சீமாட்டி மகளை அருகே இழுத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறந்ததிலிருந்து தொப்பி, அப்புறம் சுருள், ரிப்பன். அந்தத் தலையை மொத்தமாக அவளே இன்றைக்குத்தான் பார்த்தாள். மூடி வைத்திருந்த காதுகள் இரண்டும் சட்டியின் கைப்பிடி மாதிரி விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"இது அவரோட காது" என்றாள் சீமாட்டி.

யாருக்கும் புரியவில்லை. அவள் குழந்தையின் காதை விரலால் மடக்கிப் பார்த்தாள். விட்டதும் அது டப்பென்று பழைய இடத்துக்கு வந்தது. சீமாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுக்கி வைத்த துணியின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். "கல்யாணத்தன்னைக்கு அவரு தொப்பியைக் கழட்டினப்ப இப்படித்தான் இருந்துச்சு. நான் சிரிச்சுட்டேன்னு என் அம்மா திட்டினாங்க." சிரித்து முடித்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓவியரிடம், படத்தில் இந்தத் தலையை இப்படியே போட வேண்டும் என்றாள்.

"இப்படியேவா அம்மா?"

"இப்படியே. அவரு இவளைக் கைக்குழந்தையாப் பார்த்ததோட சரி. வேற யாரையாவது எதுக்கு அனுப்பணும்?"

சுண்டுவைக் கூப்பிட்டு, இனிமேல் கத்தரியைத் தொடுவாயா என்று கேட்டாள். சுண்டு யோசித்துவிட்டு, சின்னம்மா கேட்டால் தொடுவேன் என்றாள். ஓவியர் மனைவி அவள் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதோடு விசாரணை முடிந்தது.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஓவியருக்குத் தொடங்கியது. வைத்திருந்த முகத்தைச் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் புதிதாக ஒன்றை வைக்கப் போனால், கை தானாக வாதுமைக் கண்ணைப் போட்டது. சுரண்டினார். மொட்டு வாய் வந்தது. அதையும் சுரண்டினார். இத்தனை வருஷமாக ஒரே தடத்தில் ஓடிய மாடு அது, திருப்பினால் திரும்பவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரவில்லை. மனைவி ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து மாடியில் வைத்தாள். முட்டையைத் தின்றுவிட்டு அதன் ஓட்டை வண்ணத்தட்டில் போட்டார்.

"எனக்குப் பார்க்கவே மறந்துபோச்சுடி" என்றார்.

மனைவி அரைகல்லை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். குழந்தையைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தினாள். "இவ கன்னம் என்ன நிறம்னு மட்டும் சொல்லுங்க. நான் அரைக்கிறேன். மூஞ்சியைப் பத்தி நினைக்காதீங்க."

வெள்ளை என்றார். அவள் கையை அசைக்கவில்லை. உற்றுப் பார்த்தார். வெயிலில் ஓடிக் கறுத்த மூக்கு. கோழி கொத்திய சின்னத் தழும்பு. காதுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும்போது காது மடல் செந்நிறமாக எரிந்தது. கொஞ்சம் காவி என்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்புறம் துளி சிவப்பு. அவள் அரைத்துக்கொண்டே இருந்தாள். இப்படிக் கன்னத்திலிருந்து மூக்குக்கும் மூக்கிலிருந்து கண்ணுக்கும், ஏதோ இருட்டறையில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவர் போல அவர் போனார். குழந்தை ஒன்று கேட்பதற்கு முன் ஒரு புருவத்தை மட்டும் தூக்கும், பல் விழுந்த சந்தில் கீழுதட்டைச் செருகிக்கொள்ளும். அதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். இவ்வளவு நாளும் எதிரே வைத்துக்கொண்டு எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவருக்கே ஆச்சரியம். அடுத்தடுத்த நாட்களில் அவர் வரையும்போது வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. மனைவி அந்தப் பாட்டைக் கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி.

முடிந்ததும் சீமாட்டியே மாடியேறி வந்தாள். பொன்னிழை உடுப்பு, விறைத்த கழுத்துப்பட்டை, அதற்கு மேலே ஏறுமாறாக முடி வெட்டிய தலை, இரண்டு காது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இப்ப ஏதோ கேக்கப் போறா" என்றாள். படத்தைச் சுருட்டி, எண்ணெய்த்துணியில் பொதிந்து, கப்பலில் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள். வரைய வந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் ஓவியர், எனக்குத் தெரிகிறபடிதான் வரைவேன் என்று சொல்ல ஆரம்பித்தார். சிலர் எழுந்து போனார்கள். போகாதவர்களும் இருந்தார்கள். இரண்டாவது, சின்னச் சீமாட்டி வாரத்தில் பாதி நாள் இவர்கள் வீட்டில்தான். தாதியம்மாளுக்கும் அந்த நாற்காலி பிடித்துப்போயிருந்தது.

மறுவருஷம் மழை விட்ட ஒரு சாயங்காலம். தெருவெல்லாம் சேறு. சாயக்காரர் பிள்ளைகள், சுண்டு, இன்னும் தெருவில் கிடைத்த உருப்படிகள் எல்லாம் சேர்ந்து நாலு மூலை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. சின்னச் சீமாட்டிக்கு முடி வளர்ந்து காது மூடியிருந்தது. முன்பல் முளைத்திருந்தது. உடம்பில் சுண்டுவின் பழைய கவுன். தலையிலிருந்து கால்வரை சேறு. அந்தக் கூட்டத்தில் எது பெரிய வீட்டுப் பிள்ளை என்று தாதியே கூப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

துறைமுகப் பக்கமிருந்து குதிரையில் ஒரு மனிதர் வந்தார். வெயிலில் கறுத்து, தாடி வைத்து, பயணத்தில் அழுக்கான உடுப்போடு இருந்தார். பெரிய வீட்டுக்குப் போகிற வழிதான் அது. பிள்ளைகளைத் தாண்டிப் போனவர் குதிரையை நிறுத்தி, திரும்பிப் பார்த்தார். இறங்கினார். சேற்றில் நேராக நடந்து சின்னச் சீமாட்டியின் எதிரே போய் நின்றார். வேறு ஒரு பிள்ளையையும் அவர் பார்க்கவில்லை.

"யாரு நீங்க?" என்றது குழந்தை.

அவர் பதில் சொல்ல முயன்றார். அதற்குள் குழந்தைக்குப் பொறுமை போய்விட்டது. மூலைக்கு ஆள் குறைகிறது, சும்மாதானே நிற்கிறீர்கள், அந்த மூலையில் போய் நில்லுங்கள் என்றது. அவர் போய் நின்றார்.

சத்தம் கேட்டு மாடிச் சன்னலுக்கு வந்த ஓவியர், நல்ல தோல் பூட்ஸ் சேற்றில் புதைய ஒரு பெரிய மனிதர் மூலையில் நிற்பதைப் பார்த்து, பதறிக்கொண்டு கீழே இறங்கினார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"பார்த்தாச்சு" என்றார் அவர். கண் குழந்தையை விட்டு நகரவில்லை. "ஆட்டம் முடியட்டும்னு நிக்கிறேன்."

வந்தவர் யார் என்று ஓவியருக்கு விளங்கியபோது கை கூப்பத் தோன்றவில்லை. "இத்தனை பிள்ளைங்கள்ல எப்படிங்க..." என்றுதான் கேட்க வந்தது.

"என்ன இப்படிக் கேக்கறீங்க? மாசக்கணக்கா என் கட்டிலுக்கு எதிர்ல இருக்கிற முகம்."

அப்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. குழந்தை அவர் மூலையைப் பிடிக்க ஓடி வந்தது. அவர் விதி தெரியாமல் அங்கேயே நின்றார். "ஓடுங்க, ஓடுங்க" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தின. அவர் தொப்பியைக் கழற்றிச் சுவரோரம் எறிந்துவிட்டு ஓடினார். ஓவியர் ஒரே பாய்ச்சலில் மாடியேறிப் போய், கரித்துண்டு எங்கே, கரித்துண்டு எங்கே என்று மனைவியைக் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் தோளுக்கு மேல் எட்டி, கீழே சேற்றில் ஓடுகிற இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.